வைக்கிங்குகள் காட்டுமிராண்டிகளா? தீர்ப்புச் சொல்லும் முன் இதையெல்லாம் பாருங்கள்

வைக்கிங்குகள் என்பவர்கள் சுமார் 8 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை கப்பலேறிப் போய்க் கொள்ளையும் வணிகமும் செய்த ஸ்காண்டிநேவியர்கள், ஜெர்மானிய இனத்தின் ஒரு கிளை. முதலில் கொம்பு வைத்த தலைக்கவசத்தை மறந்துவிடுங்கள். அது 19ஆம் நூற்றாண்டு ஓபரா மேடை பரப்பிய வேடம். நார்வேயின் கியெர்முண்ட்புவில் 1943இல் கிடைத்த நிஜமான வைக்கிங் கவசத்தில் கொம்பே கிடையாது.

அப்புறம், எதைப் படித்தாலும் எழுதியது யார் என்று பாருங்கள். 793இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் கிறிஸ்தவ மடம் வைக்கிங்குகளிடம் கொள்ளை போனதை எழுதி வைத்தது அடிவாங்கிய தரப்பு (அதனால் அது பொய்யாகிவிடாது). கி.பி. 98 வாக்கில், வைக்கிங்குகளுக்கு முந்தைய ஜெர்மானியரைப் பற்றி எழுதிய ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் வேறு ரகம், சொந்த ஊர் ரோமானியரின் ஒழுக்கக்கேட்டைக் குத்திக்காட்டுவதற்காகவே பல இடங்களில் ஜெர்மானியரைத் தூக்கிப் பிடிக்கிறார்.

இரண்டு சாட்சிகள் முரண்பட்டால் ஒருவரைத் தள்ளிவிடாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 922இல் வோல்கா கரையில் ரூஸ் எனப்பட்ட கிழக்குப் பக்க வைக்கிங் வணிகர்களைப் பார்த்த அரபுத் தூதர் இப்னு ஃபட்லான், ஒரே பாத்திரத்துத் தண்ணீரில் ஒருவர் பின் ஒருவராக முகம் கழுவி, தலை வாரி, அதிலேயே மூக்கையும் சிந்தினார்கள் என்று முகம் சுளிக்கிறார். பிற்கால ஆங்கில நூலாசிரியர் ஒருவரோ, இங்கிலாந்தில் இருந்த டேனியர்கள் (டென்மார்க் வைக்கிங்குகள்) தினமும் தலை வாரி, சனிக்கிழமைதோறும் குளித்து, உயர்குலப் பெண்களையே மயக்கினார்கள் என்று குறைப்பட்டுக்கொள்கிறார்! இருவருமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். தொழுகைக்கு முன் சுத்தமான நீரில் கழுவிப் பழகியவருக்கு அந்தப் பாத்திரம் குமட்டத்தானே செய்யும். மண்ணுக்கடியில் கிடைத்ததையும் சேர்த்துப் பாருங்கள், மான்கொம்பில் செதுக்கிய சீப்புகள் வைக்கிங் குடியிருப்புகளிலும் கல்லறைகளிலும் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன.

சட்டத்தைத் தேடுங்கள். ஐஸ்லாந்தில் 930 வாக்கிலேயே ஆல்திங் என்ற பொதுச்சபை கூடி வழக்குத் தீர்த்தது. மன்னர் யாரும் கிடையாது.

இதைப் படித்த உற்சாகத்தில் அடிமைகளை விட்டுவிடாதீர்கள், பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். அயர்லாந்தில் வைக்கிங்குகளின் டப்ளின் பெரிய அடிமைச் சந்தையாக இருந்தது. தலைவர் ஒருவரின் ஈமச்சடங்கில் அடிமைப் பெண்ணைக் கொன்று அவரோடு சேர்த்து எரித்ததையும் அதே இப்னு ஃபட்லான்தான் விவரிக்கிறார்.

கடைசியாக, எதிர்த்தரப்பான கிறிஸ்தவ ஐரோப்பாவையும் அதே தராசில் வையுங்கள். 782இல் வெர்டனில் 4,500 சாக்சனியரின் தலையைப் பிராங்கு மன்னர் சார்லமேன் வெட்டச் செய்ததாகப் பிராங்குகளின் அரச ஆண்டேடே பதிவு செய்கிறது. அவரும் ஜெர்மானிய இனத்தவர்தான், பின்னாளில் போப் கையால் பேரரசராக முடிசூடியவர். அவரைக் காட்டுமிராண்டி என்பதா, நாகரிகமானவர் என்பதா என்று முடிவு செய்துவிட்டு வைக்கிங்குகளிடம் வாருங்கள்.