எலும்பு வலியா? ரிப்போர்ட்டில் பாஸ்பரஸைத் தேடுங்கள்

மூன்று வருடம் கால்சியம் மாத்திரை விழுங்கினேன். வைட்டமின் டி ஊசியும் போட்டாயிற்று. கீழே விழாமலே முதலில் விலாவில் கீறல், அப்புறம் தொடை எலும்பில். தரையில் உட்கார்ந்தால் மகள் வந்து கைகொடுத்துத் தூக்க வேண்டும். ஒரு டாக்டர் "எல்லாம் மனசுதாம்மா" என்று தூக்க மாத்திரை எழுதினார்.

உங்களுக்கும் இப்படியென்றால் பழைய ரிப்போர்ட்டுகளைப் பரப்பி வைத்துப் பாருங்கள். என் ஃபைலில் கால்சியம் ஐந்து இடத்தில் இருந்தது, எல்லாம் நார்மல். எலும்பு பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற என்சைம் ஒவ்வொரு முறையும் ஏறியிருந்தது. எலும்பு உறுதிக்குக் கால்சியம் போலவே வேண்டிய பாஸ்பரஸ் ஓரிடத்திலும் இல்லை. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் அதைச் சேர்ப்பதில்லை, கேட்டுத்தான் வாங்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள். பெரியவர்களுக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சுமார் 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருக்கும். எனக்கு 1.4.

குறைந்திருந்தால் எண்டோகிரைன் (ஹார்மோன்) டாக்டரிடம் போங்கள். ரத்தத்தையும் சிறுநீரையும் ஒரே வேளையில் எடுத்து, சிறுநீரகம் பாஸ்பரஸை ஒழுகவிடுகிறதா என்று பார்ப்பார்கள். சாப்பிடும் மருந்துகளை மறைக்காமல் சொல்லுங்கள். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி-க்குக் கொடுக்கும் டெனோஃபோவிர் மாத்திரையும் சில இரும்புச்சத்து ஊசிகளும்கூட இதே வேலையைச் செய்யும்.

எனக்கு அது காரணமில்லை. உடம்பில் எங்கோ ஒரு சின்னக் கட்டி எஃப்ஜிஎஃப்23 என்ற ஹார்மோனைச் சுரந்து, பாஸ்பரஸைச் சிறுநீரில் இறக்கிக்கொண்டிருந்தது. கட்டியால் எலும்பு மெதுவாகிப்போகும் இந்த நோய்க்கு ட்யூமர் இன்ட்யூஸ்டு ஆஸ்டியோமலேசியா என்று பெயர். வைட்டமின் டி உடம்புக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாறுவதையும் அது தடுக்கும். ஊசி போட்டும் பலிக்காததன் ரகசியம் அதுதான்.

கட்டியைத் தேடுவதுதான் பெரும்பாடு. குளிக்கும்போது ஈறு, தொடை, விரலிடுக்கு, உள்ளங்கால் எல்லாம் தடவிப் பாருங்கள். வலிக்காத முடிச்சையும் டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்கேன் என்றால் காலியம் டோட்டாடேட் பெட் சிடி, இந்த மாதிரிக் கட்டியில் போய் ஒட்டும் கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி எடுப்பது. உச்சந்தலை முதல் கால்விரல் வரை எடுக்கச் சொல்லுங்கள். எனக்குத் தொடையோடு நிறுத்தப் பார்த்தார்கள், நான் விடவில்லை. இடது உள்ளங்காலில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி மின்னியது. கால் ஆணி என்று நினைத்து வருடக்கணக்கில் பிளாஸ்திரி ஒட்டி வந்த அதே இடம்!

ஆபரேஷன் வரை பாஸ்பேட்டைத் தண்ணீரில் கரைத்து நாளுக்கு நாலைந்து வேளை குடித்தேன், கூடவே கால்சிட்ரியால், அதாவது உடம்புக்குப் பயன்படும் வடிவத்திலேயே உள்ள வைட்டமின் டி. வயிறு கலக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டியைச் சுற்றிலும் கொஞ்சம் சதையோடு சேர்த்து எடுத்தார்கள். ஐந்தாம் நாள் பாஸ்பரஸ் 2.9. வெட்டியெடுக்க முடியாத இடத்தில் இருந்தால் எஃப்ஜிஎஃப்23-ஐத் தடுக்கும் புரோசுமாப் ஊசி உண்டு. 2020இல் அமெரிக்கா இந்த நோய்க்கு அனுமதித்தது. விலை கேட்டால் தலை சுற்றும்.

எலும்பு தேற மாதக்கணக்காகும். அதுவரை தண்ணீர்க் குடத்தைத் தூக்காதீர்கள். கட்டி அதே இடத்தில் மறுபடி முளைப்பதும் உண்டு. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறேன், இப்போது மகள் துணையில்லாமல்.