பக்கத்து நாட்டு விவகாரம்: எந்த அமைச்சரிடம் எதைக் கேட்பது?

வேலூரில் 'கூட்டுறவு' என்றால் நமக்கு நினைவுக்கு வருவது ரேஷன் கடை, நகைக்கடன், பால் சொசைட்டி. இந்தியாவும் அண்டை நாடுகளும் சேர்ந்த சார்க் அமைப்பையோ 'தெற்காசியப் பிராந்தியக் கூட்டுறவு அமைப்பு' என்று தமிழில் எழுதிப் பழகிவிட்டோம். முதல் குழப்பம் இந்தச் சொல்லிலேயே தொடங்குகிறது. 2021 ஜூலையில் டெல்லியில் தொடங்கிய கூட்டுறவு அமைச்சகம் கூட்டுறவுச் சங்கங்களுக்கானது. அண்டை நாடுகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அண்டை நாடுகள் சேர்ந்து செயல்படுவதை, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் 'பிராந்திய ஒத்துழைப்பு' என்றே எழுதிப் பழகுவது நல்லது.

எல்லா நாட்டிலும் பிராந்திய ஒத்துழைப்புக்கென்று ஓர் அமைச்சர் இருப்பார் என்று நினைப்பதும் தவறு. இந்தியாவில் தனியாக யாரும் இல்லை, வெளியுறவு அமைச்சர்தான் பார்க்கிறார். வட ஐரோப்பாவின் நார்டிக் நாடுகளான ஸ்வீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஐந்திலும் நார்டிக் ஒத்துழைப்புக்கு அமைச்சர் உண்டு. பொறுப்பு பிரதமர்களுடையது, அன்றாட வேலை இவர்களுடையது. அங்கே 1952இல் உருவான நார்டிக் கவுன்சில் எம்.பி.க்களின் மன்றம், 1971இல் வந்த நார்டிக் அமைச்சர்கள் கவுன்சில் அரசுகளின் அமைப்பு. இரண்டையும் ஒன்றாக எழுதிவிடாதீர்கள்.

அதிகம் பேர் ஏமாறுவது அதிகாரம் பற்றிய விஷயத்தில்தான். காந்தி ரோடு லாட்ஜ்களில் தங்கிச் சிகிச்சை பெறும் வங்கதேசக் குடும்பங்களைத் தினமும் பார்க்கிறோம். அவர்களுக்கு விசா தாமதமானால், "சார்க்கில் பேசித் தீர்க்கலாமே" என்கிறார்கள் சிலர். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் விசா அந்தந்த நாட்டின் சொந்த முடிவு. சார்க்கில் எல்லா நாடும் ஒப்புக்கொண்டால்தான் எதுவும் நகரும். இரு நாடுகளுக்கிடையிலான சர்ச்சைகளை அங்கே எடுக்கக் கூடாது என்று 1985 சாசனமே சொல்கிறது. 2014 காத்மாண்டு மாநாட்டுக்குப் பிறகு சார்க் உச்சி மாநாடும் நடக்கவில்லை.

சரி, அப்படியானால் நார்டிக் நாடுகளில் இருக்கும் அந்த ஒத்துழைப்பு அமைச்சர் என்னதான் செய்வார்? காட்பாடியில் குடியிருந்து சித்தூருக்கு வேலைக்குப் போவதுபோல, ஸ்வீடனின் மால்மோவில் வீடு, டென்மார்க்கின் கோபன்ஹேகனில் வேலை என்று இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வரி எங்கே, ஓய்வூதியம் எங்கே என்று சிக்கல் வரும். இரு நாட்டுத் துறைகளையும் பேச வைத்து அதை அவிழ்ப்பது இவர் வேலை. யாருக்கும் உத்தரவு போட முடியாது, விடாமல் பேசத்தான் முடியும். அதை நான் குறைவாக நினைக்கவில்லை.

பாலாற்றுத் தண்ணீரை இதில் சேர்க்காதீர்கள். கர்நாடகமும் ஆந்திரமும் அண்டை மாநிலங்கள்தான், அண்டை நாடுகள் அல்ல.

வேலூர் பக்கத்து மேல்மொணவூர் முகாமில் இலங்கைத் தமிழர்களுக்கு வீடு கட்டித் தந்தது மாநில அரசு. அதனால் குடியுரிமையையும் மாநில அமைச்சரே தருவார் என்று சிலர் நம்பி அலைகிறார்கள். பார்க்கவே வேதனையாக இருக்கிறது. குடியுரிமை விண்ணப்பம் கலெக்டர் வழியாக மாநில அரசுக்குப் போய், அப்புறம் டெல்லிக்குப் போகும். முடிவெடுப்பது மத்திய உள்துறை. முதல் படி இங்கேயே, சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் இருக்கிறது.