திரைப்பதிவு திக்குகிறதா? எண்களைக் கூட்டுவதற்கு முன்

பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சி நடத்துகிறவர்களில் பலர் இப்போது கணினித் திரையையே கரும்பலகையாக்கிப் பாடத்தைப் பதிவு செய்து அனுப்புகிறார்கள். டேலி, எக்செல், பிளஸ் டூ கணக்கு, போட்டித் தேர்வு வகுப்பு என்று எதுவானாலும் புகார் ஒன்றுதான்: குரல் சீராக வருகிறது, படம் மட்டும் திக்கித் திக்கி நகர்கிறது. உடனே பிரேம் ரேட்டை, அதாவது வினாடிக்கு எத்தனை படம் என்பதை, 60 ஆக்குகிறார்கள், பிட்ரேட்டை (வினாடிக்கு எவ்வளவு தரவு என்பதை) கூட்டுகிறார்கள், புதிதாக வந்த கோடெக்கை (வீடியோவைச் சுருக்கும் முறையை) தேர்ந்தெடுக்கிறார்கள். ஏற்கெனவே திணறுகிற கணினிக்கு இது கூடுதல் சுமை. படம் முன்பைவிட மோசமாகும்.

எங்கள் ஊர்ப் பக்கம் அடிக்கடி பார்க்கிற தவறு வினாடிக்கு 25 பிரேம். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரரிடம் யோசனை கேட்டால் அவர் 25 என்றுதான் சொல்லுவார். கேமராவுக்கு அது சரியான பதில். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நம் தொலைக்காட்சி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் வினாடிக்கு 25 படம் என்று வளர்ந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் 25 வைத்தால் மினுக்கல் அடங்கும். ஆனால் கணினித் திரைக்கும் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெரும்பாலான திரைகள் வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. 60 என்பது 25ஆல் மீதியின்றி வகுபடாது. ஆகவே ஒரு பிரேம் இரண்டு புதுப்பிப்புக்குப் பிறகும், இன்னொன்று மூன்று புதுப்பிப்புக்குப் பிறகும் பிடிபடும். பக்கத்தை மெதுவாக உருட்டும்போது இந்த ஏற்றத்தாழ்வு அப்பட்டமாகக் கண்ணில் படும். 30 வைத்தால் இரண்டுக்கு ஒன்று என்று கணக்கு நேராகிவிடும். ஓரத்தில் ஆசிரியர் முகம் காட்டும் வெப்கேமில் மினுக்கல் வந்தால், வெப்கேமின் அமைப்பில் மின் அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸ் என்று மாற்றினால் போதும். அதற்காக மொத்தப் பதிவையும் 25க்கு இறக்க வேண்டியதில்லை.

அப்படியானால் 60 வேண்டாமா? விளையாட்டுக்கும் அனிமேஷனுக்கும் வேண்டும். டேலியில் வவுச்சர் போட்டுக் காட்டுவதற்கு வேண்டாம். 60இல் ஒவ்வொரு பிரேமையும் முடிக்கக் கணினிக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி வினாடி. 30இல் அதைப்போல் இரு மடங்கு. பாதியில் பிரேமை விட்டுவிடுகிற 60ஐவிட, ஒன்றைக்கூட விடாத 30 பார்க்க எவ்வளவோ சீராக இருக்கும்.

ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற திரைப்பதிவு மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் அடுத்துப் பார்க்க வேண்டியது என்கோடர், அதாவது வீடியோவைச் சுருக்கும் பகுதி. எக்ஸ்264 என்ற மென்பொருள் என்கோடரைத் தேர்ந்தெடுத்தால் சுருக்கும் வேலை முழுவதும் சிபியுவின் தலையில் விழும். பாடம் நடத்தும் மென்பொருளும் அதே சிபியுவைத்தான் நம்பியிருக்கிறது. போதாக்குறைக்கு, மெதுவாகச் சுருக்கினால் தரம் கூடும் என்று படித்துவிட்டு அதன் வேகத்தை ‘ஸ்லோ’ என்று வைக்கிறவர்களும் உண்டு. ஏற்கெனவே எடுத்த வீடியோவைச் சாவகாசமாக மாற்றும்போது அது பொருந்தும், ஓடிக்கொண்டிருக்கும் திரையைப் பிடிக்கும்போது பொருந்தாது. இன்டெல் சிப்கள் பலவற்றில் 2011 முதல் இந்தச் சுருக்கும் வேலைக்கென்றே குயிக் சிங்க் என்ற தனிச் சுற்று வருகிறது. என்விடியா கிராபிக்ஸ் கார்டுகள் பலவற்றில் அதே வேலைக்கு என்வென்க் இருக்கிறது. உங்கள் கணினியில் எது இருக்கிறதோ அதற்கு மாறினாலே பாதிச் சிக்கல் தீரும்.

தீராவிட்டால் ஓபிஎஸ்ஸின் புள்ளிவிவரச் சாளரத்தைத் திறந்து பாருங்கள். பிரேம்கள் இரண்டு இடங்களில் தவறலாம். என்கோடிங் தாமதம் என்ற வரியில் எண் ஏறினால் என்கோடர் திணறுகிறது. ரெண்டரிங் தாமதத்தில் ஏறினால் கிராபிக்ஸ் பகுதி திணறுகிறது. அப்போது கோடெக்கை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண். தேவையில்லாத ஜன்னல்களை மூடுங்கள், பிரேம் ரேட்டைக் குறையுங்கள். முதல் சில நிமிடங்கள் நன்றாக ஓடி, பிறகு திக்கத் தொடங்கினால் பெரும்பாலும் சூடுதான் காரணம். அக்னி நட்சத்திர மதியத்தில், மெத்தை மேல் வைத்த மடிக்கணினி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதிவு செய்தாலும் வேகம் குறையும். விடியற்காலையில் பதிவு செய்கிற வாத்தியார்கள் விவரம் தெரிந்தவர்கள்.

பிட்ரேட்டை நிலையாக வைப்பது, அதாவது சிபிஆர், நேரலைக்காக ஏற்பட்ட முறை. பதிவுக்கு அதைப் பயன்படுத்துவது விருந்து நாளுக்கும் வெறும் நாளுக்கும் ஒரே படி அரிசி போடுவது போன்றது. அசையாத ஸ்லைடுக்கு அது அதிகம். பக்கம் உருளும்போது போதாமல் எழுத்துகள் கட்டம் கட்டமாகச் சிதறும். சிஆர்எஃப், சிகியூபி, ஐசிகியூ என்று உங்கள் என்கோடருக்கு ஏற்ற தர அடிப்படையிலான முறையைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்264இன் சிஆர்எஃப் 18 முதல் 23 வரை நல்ல எல்லை. எண் குறையக் குறையத் தரம் கூடும். மற்ற என்கோடர்களின் எண்கள் அப்படியே இதற்குச் சமம் அல்ல என்றாலும் தொடங்குவதற்கு உதவும்.

கோடெக் விஷயத்தில் என் கருத்து பழமையானது: எச்.264 போதும். 2003இலேயே வந்த முறை என்பதால் களக்காட்டிலோ கடையத்திலோ அண்ணன் கொடுத்த பழைய போனில் பார்க்கிற பிள்ளைக்கும் அது தடையின்றி ஓடும். அதற்குப் பின் வந்த எச்இவிசி கோடெக் கோப்பைச் சிறிதாக்கும். ஆனால் சில பழைய கருவிகளில் குரல் மட்டும் கேட்கும், படம் வராது. இன்னும் புதிய கோடெக்கான ஏவி1இல் வன்பொருளிலேயே சுருக்கும் கிராபிக்ஸ் கார்டுகள் 2022இல்தான் கடைக்கு வந்தன. அவை இல்லாத மடிக்கணினிக்கு முழி பிதுங்கும். யூடியூபில் ஏற்றினால் அவர்கள் எப்படியும் மறுபடி சுருக்கத்தான் போகிறார்கள்.

திரை 1366×768 ஆக இருக்க, 1920×1080 என்று பதிவு செய்வதும் வேண்டாம். இல்லாத நுணுக்கம் எங்கிருந்து வரும்? இழுத்துப் பெரிதாக்கியதில் எழுத்து மங்கும், மெய்யெழுத்தின் புள்ளி கரைந்து ‘க்’ எது ‘க’ எது என்று தெரியாமல் போகும். திரையின் உண்மை அளவே பதிவின் அளவாக இருக்கட்டும். நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தையும் தவிர்த்துவிடுங்கள். வழக்கமான 4:2:0 முறையில் நிறத்தின் நுணுக்கம் நெடுக்கிலும் கிடையிலும் பாதியாகக் குறைவதால் ஓரங்கள் ஈஷிக்கொள்ளும். நிறத்தைக் குறைக்காத 4:4:4 முறை அதைச் சரிசெய்யும், ஆனால் பல போன்களில் ஓடாது.

டேப்லெட்டில் எழுதிக் கணக்குப் போடுகிறவர்களுக்குத் தனிச் சிக்கல். ஆண்ட்ராய்டு திரைப்பதிவுச் செயலிகள் பெரும்பாலும் பிரேம் ரேட்டை ஒரே சீராக வைப்பதில்லை. திரை அசையாதபோது பிரேம்களைக் குறைத்துவிடும். எடிட்டிங்கில் போட்டால் போகப் போகக் குரல் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்று விலகும். எடிட்டிங்குக்கு முன் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் பிரேம் ரேட்டை 30, நிலையானது என்று வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கோப்பு வகையைப் பற்றி: யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் வழக்கமான எம்பி4 ஆகப் பதிவு செய்யாதீர்கள். எந்தப் பிரேம் கோப்பில் எங்கே இருக்கிறது என்று காட்டும் அதன் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படுகிறது. ஆடிக் காற்றிலோ மாதாந்திரப் பராமரிப்பிலோ நடுவில் மின்சாரம் போனால் ஒரு மணி நேர வகுப்பும் திறக்க முடியாத கோப்பாகிவிடும். எம்கேவி ஆகப் பதிவு செய்தால் அதுவரை எடுத்தது பெரும்பாலும் பிழைக்கும். முடிந்ததும் ஓபிஎஸ்ஸின் ‘ரீமக்ஸ்’ வசதியால் எம்பி4 ஆக்கலாம். மறுபடி சுருக்குவதில்லை என்பதால் தரம் குறையாது, நேரமும் அதிகம் ஆகாது.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நீளமான எக்செல் தாளை ஒரு நிமிடம் மேலும் கீழும் உருட்டிப் பதிவு செய்யுங்கள். தவறிய பிரேம்களின் எண்ணைக் குறித்துக்கொண்டு, கோப்பை வீட்டிலேயே பழைய போனுக்கு அனுப்பி அதில் ஓட்டிப் பாருங்கள்.