பாதியில் நின்ற சால்வையை முடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020-இல் சிங்கப்பூரில் சர்க்கிட் பிரேக்கர் என்கிற கோவிட் முடக்கச் சமயத்தில் வீட்டில் அடைந்து கிடந்த எத்தனையோ பேர் யூடியூப் பார்த்து சால்வை பின்ன ஆரம்பித்தார்கள். கதவு திறந்ததும் பாதிப் பேர் அதைப் பையோடு அலமாரியில் திணித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அந்தப் பைகள் இப்போது ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. சமூக மன்றத்தில் நாங்கள் கூடிப் பின்னுகிற மேசைக்கு அடிக்கடி யாராவது ஒருவர் அப்படி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து, "ரொம்ப நாளாச்சு, முடிச்சிடலாம்னு பார்க்கிறேன்" என்கிறார். அப்புறம் நான் ஒரு காலத்தில் அடித்த கூத்தையே அடி பிசகாமல் திரும்ப அடிக்கிறார். கண்ணி, அதாவது ஊசியில் இருக்கும் நூல் வளையம், நழுவுவது, நிட் என்கிற நேர்க்கண்ணி போட வேண்டிய இடத்தில் பர்ல் என்கிற எதிர்க்கண்ணி போடுவது எல்லாம் கண்ணுக்குத் தெரியும், நீங்களே திருத்திக்கொள்வீர்கள். முடிக்கிற நேரத்தில் காலை வாருகிற தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

எடுத்த கையோடு பின்னத் தொடங்குவது

முதலில் ஊசியில் இருக்கும் வரிசையைப் பாருங்கள். வருடக்கணக்கில் ஊசியிலேயே கிடந்த கண்ணிகள் நீண்டு தொய்ந்திருக்கும். அதன்மேலேயே பின்னிக்கொண்டு போனால் சால்வையின் குறுக்கே ஒரு கோடு விழும், அது கழுவினாலும் முழுசாகப் போகாது. உலோக ஊசி என்றால் இன்னொரு வில்லங்கமும் உண்டு, நம் ஊர் ஈரத்தில் முலாம் தேய்ந்த இடம் துருப்பிடிக்கும். வெளிர் நிறக் கம்பளி ஒன்றை ஊசியிலிருந்து கழற்றியபோது ஒவ்வொரு கண்ணியின் உள்வளைவிலும் மயிரிழை அகலத்துக்குப் பழுப்புக் கறை ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். கீழே சுத்தமாக இருக்கும் ஒரு வரிசையின் கண்ணிகள் வழியாக மெல்லிய தையல் நூல் ஒன்றைக் கோத்துவிட்டு, அதற்கு மேலே உள்ள வரிசைகளைப் பிரித்துவிடுங்கள். நூல் கோக்காமல் பிரித்தால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது, லேஸ் வேலைப்பாடு என்றால் கேட்கவே வேண்டாம்.

கையின் இழுவையும் இதற்குள் மாறியிருக்கும். பழைய பகுதியில் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி என்று எண்ணி வைத்துக்கொண்டு, பத்து வரிசை பின்னியதும் புதிய பகுதியிலும் எண்ணுங்கள். இறுகியிருந்தால் அரை மில்லிமீட்டர் பெரிய ஊசிக்கு மாறிக்கொள்ளலாம். ஊசியே தொலைந்துவிட்டது, அம்மாவின் பெட்டியிலிருந்து 8 என்று போட்ட ஒன்றை எடுத்தேன் என்கிறீர்களா? பழைய பிரிட்டிஷ் கணக்கில் 8 என்பது 4 மில்லிமீட்டர், அமெரிக்கக் கணக்கில் 8 என்பது 5 மில்லிமீட்டர். இங்கே பழைய பெட்டிகளில் இரண்டுமே கலந்து கிடக்கும். எண்ணை விடுங்கள், தடிமனை அளந்து பாருங்கள்.

மிச்சம் எவ்வளவு என்று கண்ணால் அளப்பது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது. எத்தனை தடவை சொன்னாலும் அடுத்து வருகிறவர் இதையேதான் செய்கிறார்.

ஓர் அக்கா மாம்பழ மஞ்சளில் ஒரு சால்வை கொண்டுவந்தார். கழுத்தில் சில கண்ணிகளோடு தொடங்கிக் கீழே விரிந்துகொண்டே போகும் முக்கோணச் சால்வை. மொத்தம் 120 வரிசை, 84 முடிந்திருந்தது. பேட்டர்னுக்குத் தேவை 200 கிராம், இரண்டு பந்து. இரண்டாவது பந்தில் கொஞ்சத்தைப் பேத்தியின் பள்ளிக் கைவேலைக்குக் கொடுத்துவிட்டதால் கையில் 70 கிராம்தான் இருந்தது. "முப்பது பர்சென்ட் வரிசைதானே பாக்கி, அறுபது கிராம் போதும்மா, பத்து கிராம் மிச்சம்கூட வரும்" என்றார். தூக்கிப் பிடித்துக் காட்டினார், பார்த்தால் உண்மையாகவே இன்னும் ஒரு சாண்தான் பாக்கி மாதிரி இருந்தது.

முக்கோணச் சால்வையில் ஒவ்வொரு வரிசையும் முந்தியதைவிட நீளம். முதல் வரிசைகளில் ஒரு டீ குடிப்பதற்குள் பத்து வரிசை ஓடும், கடைசியில் ஒரு வரிசைக்கே ஒரு மணி நேரம் பிடிக்கும். நூல் பரப்பைப் பொறுத்துச் செலவாகிறது, வரிசைக் கணக்கு அங்கே செல்லாது. 120-இல் 84 என்பது 0.7. அகலம், உயரம் இரண்டுமே வளர்வதால் அதை அதாலேயே பெருக்குங்கள், 0.49 வரும். அதாவது அந்த அக்கா எழுபது விழுக்காடு வரிசையை முடித்திருந்தார், ஆனால் நூலில் பாதியைக்கூட இன்னும் தொடவில்லை. பாக்கிக்கு நூறு கிராமுக்கு மேல் வேண்டும்.

சொன்னேன். கேட்கவில்லை. 110-ஆவது வரிசைப் பக்கம் நூல் தீர்ந்தது.

அப்புறம்தான் செலவு. அதே கம்பெனி, அதே நிற எண், ஒரு பந்து தேடிப் பிடித்து வாங்கி வந்தார். டியூப் லைட்டில் வைத்துப் பார்த்தபோது அச்சு அசல் அதே மஞ்சள். மீதியைப் பின்னி முடித்துச் சன்னலோரம் விரித்தால் கீழ் விளிம்பில் ஒரு கை அகலத்துக்குப் பச்சை கலந்த பட்டை தனியாகத் தெரிந்தது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. நூலைத் தொகுதி தொகுதியாகச் சாயத்தில் முக்குகிறார்கள், ஒவ்வொரு தொகுதியும் ஒரு நூலிழை வித்தியாசப்படும், அதற்காகத்தான் லேபிளில் நிற எண்ணோடு டை லாட் என்று இன்னோர் எண்ணும் அச்சடிக்கிறார்கள். சில வருடம் கழித்துப் போனால் அதே லாட் கடையில் இருக்காது. ரேவல்ரி என்கிற பின்னல்காரர்களின் இணையதளத்தில் யாரிடமாவது மிச்சம் கிடக்கிறதா என்று தேடலாம், ஆனால் அதற்கும் உங்கள் லேபிள் உங்களிடம் இருக்க வேண்டுமே.

ஆகவே ஊசியைத் தொடுவதற்கு முன்னால் சமையலறைத் தராசை எடுங்கள். மிச்சப் பந்தை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு வரிசை பின்னி மறுபடி நிறுங்கள், குறைந்ததை நான்கால் வகுத்தால் ஒரு வரிசையின் செலவு கிடைக்கும். ஒரே வரிசையை நிறுத்தால் ஒன்றிரண்டு கிராமைத் தராசு சரியாகக் காட்டாது. முடிப்பு வரிசைக்கு என்று கடைசி வரிசையின் செலவைப் போல் மூன்று மடங்கு நூலை ஒதுக்கி வையுங்கள், அதில் கை வைக்காதீர்கள். பத்தாது என்று தெரிந்தால் வேலைப்பாட்டின் ஒரு சுற்று முடிகிற இடத்தில் நிறுத்திவிடுங்கள். சால்வை கொஞ்சம் சின்னதாக இருக்கும், அவ்வளவுதான். புது லாட் வாங்கியே ஆக வேண்டும் என்றால் பழைய நூல் தீருமுன்னே வாங்கி, இரண்டு வரிசை பழையது, இரண்டு வரிசை புதியது என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள், கண் ஏமாறிவிடும். இல்லையென்றால் மஞ்சளுக்கு அரக்கு மாதிரி முற்றிலும் வேறு நிறத்தில் கரை போட்டுவிடுங்கள், புடவையில் பார்க்காததா?

அந்த அக்காவிடம் பச்சை கலந்த அந்தப் பட்டையைப் பிரித்துவிடலாம் என்றேன். "இருக்கட்டும்மா, யார் பார்க்கப் போறா" என்று சொல்லிவிட்டார். வாரா வாரம் அதைப் போர்த்திக்கொண்டுதான் வருகிறார், என் கண்தான் அந்தப் பட்டைக்கே போகிறது.

மத்தியான வெக்கையில் பின்னுவது

வியர்த்த கையில் நூல் ஓடாது. ஏர்கான் போடுங்கள், இல்லை இரவில் பின்னுங்கள்.

இறுக்கி முடிப்பது

முடிக்கப் போகிறோம் என்ற அவசரத்தில் எல்லாரும் கடைசி வரிசையை இழுத்துப் பிடிப்பார்கள். கீழ் விளிம்பு வில்லாக வளைந்துவிடும், லேஸின் கூர்முனைகள் விரியவே விரியாது. ஒரு மில்லிமீட்டர் பெரிய ஊசியில் முடியுங்கள். அல்லது இப்படிச் செய்யலாம்: இரண்டு கண்ணி நிட் போட்டு, இரண்டையும் இடது ஊசிக்குத் திருப்பி மாற்றி, பின்பக்க இழை வழியாகச் சேர்த்து ஒன்றாக்குங்கள், அடுத்து ஒரு கண்ணி நிட், மறுபடி இரண்டையும் மாற்றிச் சேருங்கள். இருபது கண்ணி ஆனதும் இழுத்துப் பாருங்கள், கீழே இருக்கும் துணி அளவுக்கு விளிம்பும் நீள வேண்டும். நீளவில்லையா, அப்போதே பிரியுங்கள்.

மூங்கில் கழியில் காயப்போடுவது

சட்டை பனியனோடு சேர்த்து ஈரக் கம்பளியைச் சன்னலுக்கு வெளியே கழியில் தொங்கவிட்டால், தண்ணீரின் கனமே அதை இழுத்து ஒரு முழம் நீளமாக்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவிட்டு, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, துண்டில் வைத்துச் சுருட்டி மேலே ஏறி மிதியுங்கள். அப்புறம் பிள்ளைகள் விளையாடும் நுரைப் பாயில் விரித்து வடிவத்துக்கு இழுத்து ஊசி குத்துங்கள். துருப்பிடிக்காத எஃகு ஊசியாக இருக்கட்டும், சாதாரணக் குண்டூசி புள்ளி புள்ளியாகக் கறை வைக்கும். இங்கே ஈரப்பதம் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல், டிசம்பர் மழையில் இன்னும் மோசம். மின்விசிறியை ஓடவிட்டு, தொட்டால் சில்லென்று இருக்கும்வரை ஊசியை எடுக்காதீர்கள். எடுத்தால் சுருங்கிக்கொள்ளும்.

நுனி நூலை முன்னாடியே ஒட்ட நறுக்குவது

செருகிவிட்டு விரல் நீளம் விடுங்கள், காய்ந்த பிறகு நறுக்குங்கள்.

அக்ரிலிக்கை இஸ்திரி போடுவது

அக்ரிலிக் நூல் தண்ணீருக்கு மசியாது, காய்ந்ததும் பழையபடி சுருண்டுகொள்ளும். அதற்காக இஸ்திரிப்பெட்டியை மேலே வைத்து அழுத்தினால் இழை உருகித் துவண்டுபோகும், அதை மீட்க வழியே இல்லை. பெட்டியை ஓர் அங்குலம் உயரத்தில் பிடித்து ஆவியை மட்டும் காட்டுங்கள். லேபிள் இல்லாமல் என்ன நூல் என்றே தெரியவில்லையா? நறுக்கிய நுனி ஒன்றை இடுக்கியால் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். கம்பளி என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும், தானாக அணையும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிக் கடுகு போலக் கெட்டியாக உருண்டுகொள்ளும். ஆறும்வரை அதைத் தொடாதீர்கள்.