நியோபியம் கேவிட்டியில் அமிலம், அடுப்பு, தூசி: எங்கே தவறுகிறோம்?

துகள் முடுக்கியில் ரேடியோ அலையைத் தேக்கித் துகள்களுக்கு வேகம் கொடுக்கும் மீக்கடத்திக் கூடுதான் கேவிட்டி. செல் எனப்படும் குமிழ்கள், வழக்கமாக ஒன்பது, வரிசையாகச் சேர்ந்தது அது. 1.3 ஜிகாஹெர்ட்ஸ் நியோபியம் கேவிட்டியின் சுவர் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் தடிமன். அதில் ரேடியோ அலை உணர்வது உள்பக்கத்தின் முதல் 100 நானோமீட்டரைத்தான். மற்றதெல்லாம் வடிவத்தைத் தாங்கவும், வெப்பத்தை வெளியே இருக்கும் 2 கெல்வின் ஹீலியத்துக்குக் கடத்தவும் இருக்கிறது. நல்ல கேவிட்டியின் தர எண், அதாவது கியூ மதிப்பு, ஆயிரம் கோடியைத் தாண்டும். ஒரு கோயில் மணிக்கு அந்தக் கியூ இருந்தால், ஒருமுறை அடித்த ஒலி அடங்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். 2 கெல்வினில் உண்டாகும் ஒரு வாட் வெப்பத்தை அகற்ற வெளியே ஒரு கிலோவாட் அளவுக்கு மின்சாரம் செலவாகிறது. அதனால் கியூ பாதியானால் மின் கட்டணத்திலேயே தெரிந்துவிடும்.

முதல் தவறு, பளபளப்பை நம்புவது. தகட்டை உருட்டி, அச்சில் அழுத்தி, எலக்ட்ரான் கற்றையால் பற்றவைக்கும்போது உள்பரப்பில் 100 முதல் 150 மைக்ரான் வரை சேதமடைந்த அடுக்கு உருவாகிறது. அது முழுவதும் அமிலத்தில் கரைந்து போக வேண்டும். 50 மைக்ரான் எடுத்ததுமே கண்ணாடிபோல மின்னும், அதோடு நிறுத்திவிடுவார்கள். இன்னொன்று, எவ்வளவு போனது என்பதை எடைக் குறைவை வைத்துச் சராசரியாகக் கணக்கிடுவது. அமிலத்தில் மின்சாரம் பாய்ச்சிக் கரைக்கும் எலக்ட்ரோபாலிஷில், எதிர்மின்வாய்க்கு அருகில் இருக்கும் ஐரிஸில் (செல்களுக்கு நடுவே உள்ள குறுகிய கழுத்து) அதிகம் கரையும், எட்ட இருக்கும் ஈக்வேட்டரில் (செல்லின் அகன்ற நடுவட்டம்) குறைவாகவே கரையும். காந்தப்புலம் உச்சத்தில் இருப்பதோ ஈக்வேட்டர் பக்கம்தான், பற்றுவைப்பு ஓடுவதும் அங்கேதான். அல்ட்ராசோனிக் தடிமன்மானியை வெளிச்சுவரில் வைத்து அந்த இடத்தையே அளந்து பார்ப்பதுதான் சரி.

அமிலத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஹைட்ரோஃபுளோரிக், நைட்ரிக், பாஸ்பாரிக் அமிலங்களைக் கலந்து ஊற்றி, மின்சாரமில்லாமல் கரைக்கும் பி.சி.பி. முறை எளியது, மலிவானது. ஆனால் படிக எல்லைகளில் படிக்கட்டுபோலக் கரைத்துவிடும். கலவை 15 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகவும் விடக்கூடாது. சூடானால் வினை வேகமெடுக்கும், உலோகம் ஹைட்ரஜனை அதிகம் உறிஞ்சும். ஹைட்ரோஃபுளோரிக்கும் கந்தக அமிலமும் சேர்ந்த எலக்ட்ரோபாலிஷ் வழவழப்பாக முடிக்கும், ஆனால் பரப்பில் கந்தகப் படிவை விட்டுச் செல்லும். எத்தனாலோ சோப்பு நீரோ கொண்டு அதைக் கழுவாமல் அடுத்த வேலைக்குப் போனால் அதுவே பின்னால் தலைவலி. (எந்த வழியானாலும் அமிலக் காயத்துக்கு முதலுதவியான கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் ஹைட்ரோஃபுளோரிக் புட்டியைத் திறக்கவே கூடாது. இதில் பேரம் கிடையாது.)

அப்புறம் ஹைட்ரஜன். அமிலத்தில் உள்ளே நுழைந்த ஹைட்ரஜன், குளிர்விக்கும்போது 75 முதல் 150 கெல்வின் வரையிலான பகுதியில் மெதுவாக நகர்ந்தால் ஹைட்ரைடாகத் திரண்டு கியூவைக் கவிழ்த்துவிடும். கியூ நோய் என்று இதற்குப் பெயரே உண்டு. வெற்றிட அடுப்பில் 800 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் ஹைட்ரஜன் வெளியேறும். இங்கே தவறு பெரும்பாலும் வரிசையில் நடக்கிறது. அடுப்பு முடிந்த பிறகு மறுபடியும் கனமாக அமிலம் ஓட்டினால், விரட்டிய ஹைட்ரஜனைத் திரும்ப அழைத்த மாதிரிதான். கனமான அமிலம், அடுப்பு, பிறகு மெல்லிய அமிலம் என்று போக வேண்டும். 800 டிகிரிக்குப் பின் நியோபியம் மென்மையாகிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. தூக்கி வைக்கும்போது லேசாக நெளிந்தாலே அதிர்வெண் நகர்ந்துவிடும்.

பரப்புக்குள் சிறிதளவு நைட்ரஜனைப் புகுத்தும் நைட்ரஜன் டோப்பிங்கில்தான் செய்முறைக் குறிப்பை அப்படியே நகலெடுக்கும் பழக்கம் அதிகம். அமெரிக்காவின் ஃபெர்மிலேப் ஆய்வகத்தில் அன்னா கிராசெலினோவின் குழு 2013-இல் இதை வெளியிட்டது. 800 டிகிரியில் சில நிமிடம் மிகக் குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜனை விட்டு, பிறகு மேலே சில மைக்ரானை எலக்ட்ரோபாலிஷில் எடுத்தால், துகளை முடுக்கும் புலம் கூடும்போது கியூ குறைவதற்குப் பதிலாக ஏறியது. அந்தக் கடைசி எலக்ட்ரோபாலிஷை விட்டுவிட்டால் பரப்பில் படிந்த நைட்ரைடு கியூவைப் படுபாதாளத்துக்குக் கொண்டுபோகும். டோப்பிங் செய்த கேவிட்டியின் குவென்ச் எல்லை, அதாவது மீக்கடத்தல் குலையும் புல அளவு, பொதுவாகத் தாழ்வு என்பதையும் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவின் எல்.சி.எல்.எஸ்.-2 எக்ஸ் கதிர் லேசர் போல இடைவிடாமல் மீட்டருக்கு 16 மெகாவோல்ட்டில் ஓட்டுவதற்கு அது பொருத்தம். துடிப்பாக ஓட்டி 31.5 மெகாவோல்ட் கேட்கும் ஐ.எல்.சி. என்ற துகள் மோதல் முடுக்கித் திட்டம் போன்ற ஒன்றுக்கு, எலக்ட்ரோபாலிஷும் 120 டிகிரியில் 48 மணி நேர பேக்கிங்கும்தான் பழகிய பாதை.

டோப்பிங் செய்தது சிக்கிக்கொண்ட காந்தப்புலத்துக்கும் அதிகம் கூசும். பூமியின் புலம் சுமார் 50 மைக்ரோடெஸ்லா. காந்தக் கவசம் போட்டு அதை நூறில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்தாலும், நியோபியம் மீக்கடத்தியாக மாறும் 9.2 கெல்வினைக் கடக்கும்போது மெதுவாகக் குளிர்வித்தால் மிச்சமும் உள்ளேயே சிக்கும். வேகமாக, ஒரு முனைக்கும் மறு முனைக்கும் வெப்ப வேறுபாட்டோடு குளிர்விக்க வேண்டும். எல்.சி.எல்.எஸ்.-2-இல் சில தகடுகள் அப்படிச் செய்தும் புலத்தை வெளியே தள்ளவில்லை. அடுப்பை 900 டிகிரிக்கு உயர்த்திய பிறகே சரியானது. ஆக, பரப்பு வேலை எவ்வளவு சுத்தமாக நடந்தாலும் தகட்டின் குணம் குறுக்கே வரும்.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்துவிட்டு ஒரு தூசியில் கோட்டை விடுபவர்களே அதிகம் என்பது என் எண்ணம். சுமார் 100 பார் அழுத்தத்தில் மீத்தூய நீரால் உள்ளே பீய்ச்சிக் கழுவியாயிற்று, கிளீன்ரூமில் உலர்ந்தும் ஆயிற்று. இனி ஃபிளாஞ்சை மூட வேண்டும். போல்ட் ஒவ்வொன்றையும் துகள் எண்ணியின் வாய்க்கு நேரே பிடித்து, அயனியாக்கிய நைட்ரஜனால் ஊதி, எண் சுழியத்தில் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். முதல் போல்டுக்குப் பொறுமையாகக் காத்திருந்தவர், பத்தாவதுக்கு வரும்போது எண்ணியைப் பார்ப்பதே இல்லை. அடுத்தது பம்ப். வால்வைச் சட்டென்று திறந்தால் காற்றின் வேகத்தில் ஃபிளாஞ்சோரத்துத் தூசி செல்லுக்குள் பறந்துபோய் உட்காரும். அதிலிருந்து எலக்ட்ரான் கிளம்பும், எக்ஸ் கதிர் வரும், கியூ சரியும்.

சோதனையில் கேவிட்டி தோற்றதும் எடுத்த எடுப்பில் அமிலத்துக்கு ஓடுவது விலை அதிகமான தவறு. எக்ஸ் கதிர் வந்திருந்தால் சந்தேகம் தூசி மேல்தான். முதலில் உயரழுத்த நீரில் மறுபடி கழுவுங்கள், பெரும்பாலும் அதுவே போதும். எக்ஸ் கதிர் இல்லாமல் 25 மெகாவோல்ட்டுக்கு மேல் கியூ சரிந்தால் 120 டிகிரி பேக்கிங் விடுபட்டதா என்று பாருங்கள். ஒரே புலத்தில் திரும்பத் திரும்ப குவென்ச் ஆனால், வெப்ப வரைபடத்தில் இடத்தைக் கண்டுபிடித்து உள்ளே கேமரா விட்டுப் பார்க்கலாம். ஜப்பானின் கே.இ.கே. ஆய்வகத்தில் இப்படி ஒரு பற்றுவைப்புக் குழியோ மேடோ அகப்பட்டால், அந்த ஒரு புள்ளியை மட்டும் உள்ளேயே தேய்த்து எடுத்துவிட்டு, பிறகு மெல்லிய எலக்ட்ரோபாலிஷோடு விடுகிறார்கள். மற்ற எட்டு செல்களின் சுவரும் வீணாகத் தேய்வதில்லை.