தூக்கத்தைக் கெடுத்த வாக்குவாதமும் செனெக்காவின் தீர்ப்பும்

படுத்ததும் அலுவலகத்தில் நடந்த வாக்குவாதம் மனதில் ஓட ஆரம்பித்துவிடும். அவர் சொன்னது, நான் சொன்னது, சொல்லியிருக்க வேண்டியது என்று நடுராத்திரி வரை போகும்.

மனதை அடக்க வழி சொல்லும் ஸ்டோயிக்குகளிடம், அதாவது பழங்கால கிரேக்க, ரோமத் தத்துவஞானிகளில் ஒரு பிரிவினரிடம், போனேன். முதலில் அவர்களில் ஒருவரான எபிக்டெட்டஸைப் பிடித்தேன். நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரிக்கச் சொல்கிறார். பகலில் அருமையாக வேலை செய்தது. படுக்கையில் அந்தப் பிரிப்பே இன்னொரு வாதமாக நீண்டது. அப்புறம், நாளை வரக்கூடிய கெட்டதை முன்கூட்டியே நினைத்துப் பார்க்கும் பயிற்சி. இரவில் செய்தால் இருக்கிற தூக்கமும் போய்விடும். ரோமப் பேரரசரும் ஸ்டோயிக்குமான மார்க்கஸ் அரேலியஸே அதைக் காலையில்தான் செய்யச் சொல்கிறார்.

கடைசியில் வழி கிடைத்தது, ரோம ஸ்டோயிக்கான செனெக்கா கோபத்தைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பாகத்தில். விளக்கை எடுத்துவிட்டு, மனைவியும் பேச்சை நிறுத்தியதும், அன்றைய நாள் முழுவதையும் தனக்குள் விசாரிப்பாராம். செக்ஸ்டியஸ் என்ற ரோமத் தத்துவஞானியிடமிருந்து எடுத்துக்கொண்ட பழக்கம் இது. விசாரணையோடு நின்றுவிடாமல் தீர்ப்பும் சொல்கிறார். 'இனி இப்படிச் செய்யாதே, இப்போது உன்னை மன்னிக்கிறேன்' என்று முடிக்கிறார். இன்னொன்று, அங்கே விசாரிக்கப்படுவது அவருடைய பேச்சும் செயலும்தான், எதிராளியுடையது இல்லை.

அதையே பிடித்துக்கொண்டேன். விளக்கை அணைத்துக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வாய்விட்டு: "அந்த மின்னஞ்சலுக்குக் காலையில் பதில் போடு. இன்றைக்கு மன்னித்தாயிற்று." சரி, படுக்கலாம். நடுவில் அந்தப் பேச்சு மறுபடி தலைதூக்கினால் விசாரணையைத் திறப்பதில்லை, இரண்டாவது வாக்கியத்தை மட்டும் திரும்பச் சொல்கிறேன்.