விட்டுப் பிடிக்கும் ஆட்டக்காரரை வெள்ளைப் பந்தை வைத்துக் கண்டுகொள்வது எப்படி?

கடந்த மாங்காய்ப் பருவத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கிருஷ்ணகிரியில் நான் வழக்கமாகச் செல்லும் பூல் கூடத்தில் 2,200 ரூபாயைத் தோற்றேன். என்னை வென்றவர், மண்டியில் லாரிக்கு லோடு ஏறும்வரை பொழுதைக் கழிக்க வந்ததாகச் சொன்ன, நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர். நல்ல ஆட்டக்காரரிடம் தோற்பதில் எனக்கு வருத்தமில்லை. ஏழு ஆட்டங்கள் முடிந்து அவர் படியிறங்கிப் போகும்வரை அவர் நல்ல ஆட்டக்காரர் என்பதே எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உறுத்தியது. அதன்பின் மூன்று மாதங்கள் காசு வைக்காமல் சுவரோரம் உட்கார்ந்து, பிறர் ஆடுவதைப் பார்த்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். முதலில் வேண்டுமென்றே தோற்றுக் காட்டி, பந்தயம் ஏறிய பிறகு வெல்பவரைத்தான் விட்டுப் பிடிப்பவர் என்கிறேன். 8-பந்து ஆட்டத்தின் விதிகள் (வெள்ளைப் பந்தால் அடித்துத் தன் ஏழு பந்துகளையும், பிறகு கறுப்பு 8-ஐயும் பாக்கெட்டில் போடுபவர் வெல்வார்) உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: தொகையைப் பிரித்து வையுங்கள்

தோற்றாலும் பரவாயில்லை என்று நினைக்கும் தொகையை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தோற்றவர் தர வேண்டிய டேபிள் காசும் (மேசை வாடகை) அதற்குள் அடங்க வேண்டும். கைப்பேசியை மார்க்கரிடம் (மேசைகளைக் கவனித்துக்கொள்ளும் கூடத்து ஆளிடம்) கொடுத்துவிடுங்கள். என் பணப்பை காலியான பிறகு, கடைசி ஆட்டத்தின் 1,000 ரூபாய் கைப்பேசி வழியாகத்தான் போயிற்று.

படி 2: சாக் தடவுவதைப் பாருங்கள்

புதியவர்கள் க்யூவின் (பந்தை அடிக்கும் கோலின்) நுனியை, அது வழுக்காமலிருக்கத் தடவும் நீலச் சாக் கட்டிக்குள் வைத்துத் திருகுவார்கள். கட்டியின் நடுவில் குழி விழுவது அதனால்தான். பழகியவர்கள் பெயின்ட் அடிப்பதைப் போல மேலோட்டமாக இரண்டு மூன்று முறை தடவுவார்கள், அப்போது அவர்கள் கண் மேசையின் மீதே இருக்கும். அந்த மனிதர் க்யூவைக் கடப்பாரை பிடிப்பதைப் போலப் பிடித்தார், நிற்கும்போது தடுமாறினார், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் முன்பு குனிந்து பார்க்காமலே அளவாகச் சாக் தடவினார். தடுமாற்றத்தை நடித்துக் காட்டலாம். கைப்பழக்கத்தை மறைப்பது கடினம்.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. க்யூ விரல்களில் வழுக்கிச் செல்லக் கையுறை வாங்குவது வீண் செலவு, ஒரு துளி முகப்பவுடர் போதும். கூடத்தின் க்யூவையே பயன்படுத்துங்கள், ஆனால் எடுப்பதற்கு முன் மேசையில் உருட்டிப் பாருங்கள். துள்ளினால் அது வளைந்த கட்டை.

படி 3: வெள்ளையை நிறுத்த நீங்களே பழகுங்கள்

அடுத்த படி புரிய வேண்டுமானால் இதைத் தவிர்க்க முடியாது. வெள்ளைப் பந்தையும் வேறொரு பந்தையும் ஒன்றரை அடி இடைவெளியில் பாக்கெட்டுக்கு நேர்கோட்டில் வையுங்கள். வெள்ளையின் நடுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே அடியுங்கள். இரண்டு பந்துகளும் ஏறக்குறைய ஒரே எடையுள்ளவை என்பதால், உருளாமல் வழுக்கிக்கொண்டே சென்று நேருக்கு நேர் மோதும் வெள்ளை, தன் வேகத்தை எல்லாம் மற்றதற்குக் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்கும். இப்போது இடைவெளியை ஐந்து அடியாக்கிப் பாருங்கள். துணியின் உராய்வு வெள்ளையை வழியிலேயே உருளச் செய்துவிடும், மோதிய பிறகும் அது முன்னோக்கி ஓடும். நிறுத்த வேண்டுமானால் இன்னும் கீழே, இன்னும் வலுவாக, கோணம் பிசகாமல் அடிக்க வேண்டும். எனக்கு அது ஓரளவு கைவர ஆறு வாரங்கள் ஆயின.

படி 4: தவறவிட்ட அடிகளில் வெள்ளை எங்கே நிற்கிறது என்று எண்ணுங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான்.

முதல் மூன்று ஆட்டங்களிலும் அவர் தோற்றார். அவருடைய அரக்கு நிற 7ஆம் எண் பந்து மூலைப் பாக்கெட்டின் வாய்வரை சென்று, இரண்டு உதடுகளிலும் மாறி மாறி முட்டி, உள்ளே விழாமல் நின்றது. "ராசியே இல்ல தம்பி" என்று சலித்துக்கொண்டார். நான் சிரித்தேன். பந்தின் குறுக்களவு ஏறத்தாழ 57 மில்லிமீட்டர். மூலைப் பாக்கெட்டின் வாய் அதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்குதான். அங்கே அவருடைய பந்து நின்றுவிட்டால், என் பந்து நுழைய வழி அநேகமாக அடைபட்டுவிடும். நான் இடித்துத் தள்ளினால் அவருக்காக அவர் பந்தை நானே போட்டதாகிவிடும். அவரோ எப்போது வேண்டுமானாலும் மெல்லத் தட்டிப் போட்டுக்கொள்ளலாம். ராசியில்லை என்று அவர் சொன்னது உண்மையில் முன்கூட்டிப் பிடித்து வைத்த இடம்.

அதைவிட முக்கியமானது வெள்ளை. உண்மையான கத்துக்குட்டி தவறவிடும்போது, பெரும்பாலும் அளவுக்கு மீறி ஓங்கி அடித்திருப்பார். வெள்ளை மேசை முழுவதும் சுற்றிவந்து எங்காவது திறந்த இடத்தில் நிற்கும், எதிராளிக்கு எளிய அடி கிடைக்கும். இவர் தவறவிட்ட பிறகு வெள்ளை விளிம்போடு ஒட்டி நின்றது, அல்லது கறுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது, அல்லது அவருடைய இரண்டு பந்துகளுக்கு நடுவே சிக்கியது. முதல் மூன்று ஆட்டங்களில் இது எப்போதாவதுதான் நடந்தது. நான்காவதிலிருந்து அடிக்கடி நடந்தது. எல்லாம் முடிந்த பிறகு மார்க்கர் பையன் கேட்டான்: "ணா, அவரு போடாத பந்தையே பார்த்துட்டு இருந்தீங்க, வெள்ளையைப் பார்த்தீங்களா?"

ஆகவே எதிராளி தவறவிடும் பத்து அடிகளை எண்ணுங்கள். அவற்றுள் எத்தனை முறை உங்களுக்கு நேரான அடி கிடைக்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று முறை நடந்தால் தற்செயல். ஆறேழு முறை நடந்தால், என் அனுபவத்தில், அவர் பந்தைப் போட முடியாமல் விடவில்லை.

படி 5: மிச்சப் பந்துகளை எழுதுங்கள்

ஸ்னூக்கரில் சிவப்புக்கு 1, கறுப்புக்கு 7 என்று புள்ளிகள் பலகையில் ஏறிக்கொண்டே போவதால் ஒருவருடைய திறமை அதிக நேரம் மறைந்திருக்காது. 8-பந்து ஆட்டத்தில் கறுப்பு விழுந்தவுடன் எல்லாம் முடிந்துவிடுகிறது. எத்தனை பந்து வித்தியாசத்தில் என்று யாரும் எழுதுவதில்லை. கைக்கு அடக்கமான சிறு நோட்டு ஒன்றில் எழுதுங்கள். நான் நினைவிலிருந்து பின்னர் எழுதியபோது கிடைத்தது இது: 50, 50, 100 ரூபாய் வைத்த ஆட்டங்களை நான் வென்றேன், மூன்று நான்கு பந்துகள் வித்தியாசத்தில். 200, 400, 800, 1,000 ரூபாய் வைத்த ஆட்டங்களை அவர் வென்றார், ஒவ்வொன்றிலும் கறுப்பு ஒன்றே எனக்கு மிச்சமிருந்தது. அதாவது இன்னும் ஓர் அடி கிடைத்திருந்தால் வென்றிருப்பேன் என்று நான்கு முறையும் நம்பினேன். பந்தயத்தை ஏற்றச் சொன்னவர் அவர் அல்லர், நான்தான். அதற்கு இடம் வைத்தே அவர் ஒவ்வொரு முறையும் மயிரிழையில் வென்றார்.

படி 6: பந்து கேட்டுப் பாருங்கள், பிறகு இறங்குங்கள்

சந்தேகம் வந்துவிட்டால், "எனக்கு இரண்டு பந்து விட்டுக்கொடுங்கள், நான் இரண்டு குறைவாகப் போட்டால் போதும், அதே தொகைக்கு ஆடலாம்" என்று கேளுங்கள். உங்களுக்குச் சமமானவர் தயங்குவார் அல்லது பேரம் பேசுவார். விட்டுப் பிடிப்பவர் கொஞ்சம் முனகிவிட்டு ஒப்புக்கொள்வார், ஏனென்றால் அவரிடம் கொடுக்க நிறைய இருக்கிறது. அவர் ஒப்புக்கொண்டால் டேபிள் காசை வைத்துவிட்டுக் கிளம்புங்கள். "மிச்சத்தை நாளைக்குக் கொடு தம்பி" என்று கடன் சொல்லி ஆடக் கூப்பிட்டாலும் நிற்காதீர்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30ஆவது பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது, வென்றதாகச் சொல்லும் பணத்துக்காக வழக்குப் போடவும் முடியாது. ஆனால் கூடத்தில் நாலு பேர் முன்னிலையில் அந்தச் சட்டத்தை எடுத்துச் சொல்வது நடக்காத காரியம்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு தருமபுரியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: நான்காவது படியின்படி எண்ணியதில் தன் கல்லூரி நண்பனே விட்டுப் பிடிப்பவனாகத் தெரிகிறான், ஆனால் அவன் நிஜமாகவே கத்துக்குட்டி. விசாரித்ததில் மேசையின் ஒரு கால் தாழ்ந்திருந்தது. யார் அடித்தாலும் வெள்ளை கடைசியில் அதே விளிம்புக்குப் போய் ஒட்டிக்கொண்டது. இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆடத் தொடங்கும் முன் ஒரு பந்தை மேசையின் நீளவாக்கில் மிக மெதுவாக உருட்டுங்கள், பிறகு குறுக்குவாக்கிலும் உருட்டுங்கள். நிற்கும் தறுவாயில் அது ஒரு பக்கமாக வளைந்தால் மார்க்கரிடம் வேறு மேசை கேளுங்கள். வேறு மேசை இல்லையென்றால், அந்தப் பக்கத்து விளிம்பில் நிற்கும் வெள்ளைகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.